கெம்பிக்குத் தெரிந்த ‘போதும்’

என் பாப்பாவுக்கு,

ஒருத்திக்கு ஒரு வேலை தெரியும் என்று எப்போது சொல்லலாம்? பதினைந்து நாளாக இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு விடை தெரியவில்லை. இருபது வருஷத்துக்கு மேலாக மற்றவர்களுக்கு மார்க்குப் போட்டே காலம் தள்ளியவள் இதை ஒப்புக்கொள்வது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

செத்துப்போனவர்களுக்குக் கடிதம் எழுதுகிறவர்களை நான் கேலி செய்திருக்கிறேன். நீ இதைப் படிக்கப்போகிறாய் என்று இப்போதும் நான் நம்பவில்லை. உயிரோடு இருந்தபோதே நான் எழுதிய எதையும் நீ படித்ததில்லை. “உன் எழுத்து எறும்பு ஊர்ற மாதிரி இருக்குக்கா” என்று தள்ளிவைத்துவிடுவாய். ஆனாலும் இந்த விஷயத்தைப் பேச எனக்கு வேறு ஆள் இல்லை. கெம்பியைப் பற்றி என்னோடு சண்டை போட்டவள் நீ ஒருத்திதான்.

ஆமாம், அவளைப் பற்றித்தான். நாளைக்குக் கெம்பியைப் பெண் பார்க்க வருகிறார்கள்.

இதை அச்சில் போடக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். கெம்பியைப் போன்ற ஒரு பெண்ணை வைத்துக்கொண்டு யாராவது ஒருவர் எங்கேயாவது விழித்துக்கொண்டிருப்பார். அவருக்காக, உனக்குத் தெரிந்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். பொறுத்துக்கொள்.

கெம்பம்மா என்ற கெம்பியை அவள் அப்பா சிக்கண்ணா எங்கள் பெண்கள் பள்ளிக்கூடத்து விடுதியில் கொண்டுவந்து விட்டபோது அவளுக்குப் பத்து வயது. காரிமங்கலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊர். கொஞ்சம் மானாவாரி நிலம். பெண்டாட்டி செத்துவிட்டாள். அவர் காட்டு வேலைக்குப் போனால் வீட்டில் பெண்ணைப் பார்த்துக்கொள்ள யாரும் இல்லை. “படிப்பு வந்தா வரட்டும், வராட்டிப் போவட்டுங்க. நாலு பொம்பளைங்க இருக்கற எடத்துல இருந்தாப் பத்தாதுங்களா?” என்றார். தலைமை ஆசிரியையான என்னிடமே இப்படிச் சொல்கிறாரே என்று எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம் மூன்று வருஷம் போகவில்லை.

மூன்று வருஷம் அவள் ஒன்றாம் வகுப்பிலேயே உட்கார்ந்திருந்தாள். பலகையில் ‘அ’ எழுதச் சொன்னால் பலகையைத் துடைப்பாள். பலகை சுத்தமான பிறகும் துடைத்துக்கொண்டே இருப்பாள். நான் டிரெயினிங் காலேஜில் படித்த மனோதத்துவப் புத்தகத்தில் இப்படிப்பட்ட குழந்தைகளை மூன்று படியாகப் பிரித்து மூன்று பெயர் வைத்திருந்தார்கள். அந்த மூன்று பெயரும் இப்போது இங்கிலீஷ்காரர்கள் ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்ள உதவுகின்றன. அதில் கெம்பி எந்தப் படி என்று நான் யோசித்தேன். பிறகு ரிஜிஸ்தரில் சிவப்பு மையால் எழுதினேன்: ‘மந்த புத்தி. கல்வி ஏறாது.’

திருகைச் சம்பவம் உனக்கு நினைவிருக்குமே. நான் மறக்க முயன்று முடியாமல் போனது அது. விடுதிக்கு ராகி அரைக்க ஆள் வரவில்லை. கெம்பிக்குக் கை பலம் உண்டு என்று சமையற்காரி அங்கம்மா அவளை உட்காரவைத்தாள். அவளும் அரைத்தாள். மாவு நன்றாகவே விழுந்தது. ராகி தீர்ந்தது. கெம்பி நிறுத்தவில்லை. வெறுங்கல்லைச் சுற்றிக்கொண்டிருந்தாள். “போதும் கெம்பி” என்றேன். சுற்றினாள். “போதும், நிறுத்து” என்று கத்தினேன். இன்னும் வேகமாகச் சுற்றினாள். கல்லோடு கல் உரசும் அந்தச் சத்தத்தில் பெண்களெல்லாம் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

நீ வெற்றிலை வாயோடு பின்கட்டிலிருந்து வந்தாய். “சாக்கு கெம்பி, சாக்கு!” என்றாய்.

கெம்பி கையை எடுத்துவிட்டாள்.

அதற்குள் நாலாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஓடிப்போய்ச் சமையலறையிலிருந்து ஒரு கோணிச் சாக்கை இழுத்துவந்து உன் காலடியில் போட்டாள். “எதுக்குடி இது?” என்று கேட்டாய். “நீங்கதானுங்க கேட்டீங்க, சாக்குன்னு” என்றாள் அவள். நீ துப்பவும் முடியாமல் சிரிக்கவும் முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாய். அப்புறம்தான் என்னைப் பார்த்துச் சொன்னாய்: “கன்னடத்துல சாக்குன்னா போதும்னு அர்த்தம்க்கா. இந்தப் புள்ள வூட்ல கன்னடம் பேசறாங்க. உனக்குத் தெரியாதா?”

எனக்குத் தெரியாது. சிக்கண்ணா எங்களிடம் தமிழ் பேசினார். மகளுக்கும் தமிழ்தான் என்று எடுத்துக்கொண்டேன். சந்தைக்கு ஒரு பாஷை, அடுப்படிக்கு ஒரு பாஷை என்று பாதிப் பேர் வாழ்கிற ஊர்ப்பக்கத்தில் இருந்துகொண்டு, மூன்று வருஷம், ஒரு குழந்தையை அவளுக்கு விளங்காத பாஷையில் அதட்டியிருக்கிறேன். உனக்கு எப்படித் தெரிந்தது? பதிமூன்று வயதில் உன்னை ஓசூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். இருபத்திரண்டில் தாலியறுத்துத் திரும்பி என்னோடு வந்து சேர்ந்தாய். அந்த ஒன்பது வருஷத்தில் உனக்கு மிஞ்சியது கன்னடம் மட்டும்தான் என்று நீயே சொல்வாய். அதே ஒன்பது வருஷத்தில் நான் சென்னையில் படித்துப் பட்டம் வாங்கினேன். நம் அப்பாவிடம் ஒரு பெண்ணைப் படிக்கவைக்கத்தான் துணிச்சல் இருந்தது. இரண்டாவது பெண்ணுக்கு வருவதற்குள் அது தீர்ந்துபோயிற்று.

மொழி மட்டுமே காரணமாக இருந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கு அவசியமே இல்லை. நான் ரிஜிஸ்தரைத் திருத்தி மன்னிப்புக் கேட்டு முடித்திருப்பேன். ஆனால் கன்னடத்தில் எண்ணச் சொன்னாலும் கெம்பி மூன்றுக்கு மேல் போகவில்லை. நேற்று என்றாலும் நாளை என்றாலும் அவளுக்கு ஒன்றுதான். வெந்நீர் சுடும் என்று நேற்றுக் கைவைத்துத் தெரிந்துகொண்டது இன்றைக்கு உதவவில்லை. நான் சந்தேகப்பட்டது பாதி சரிதான். மீதிப் பாதியைத்தான் நீ கையில் எடுத்துக்கொண்டாய்.

“நீ எழுத்தக் குடு, குடுக்காமப் போ. நான் இவளுக்குச் சேலை கட்டச் சொல்லிக் குடுக்கறேன்” என்றாய்.

நீ சொல்லிக்கொடுத்த விதத்தைப் பார்த்து நான் சிரித்தேன். சேலை முழுவதையும் நீயே கட்டிவிடுவாய். கொசுவத்தை மடித்துப் பிடித்துக்கொண்டு, கடைசியில் இடுப்பில் செருகுவதை மட்டும் அவளிடம் விடுவாய். செருகியதும் “ஆஹா!” என்று கன்னத்தைக் கிள்ளுவாய். ஒரு மாதம் இதே கதை. அடுத்த மாதம் கடைசி மடிப்பையும் அவளே மடித்துச் செருக வேண்டும். அதற்கடுத்து இரண்டு மடிப்பு. இப்படி வாலிலிருந்து தலைக்குப் போனாய்.

“யாராவது கடைசியிலிருந்து பாடம் ஆரம்பிப்பார்களா?” என்று கேட்டேன்.

“மொதல்லருந்து ஆரம்பிச்சா அவ முடிக்கறதே இல்லக்கா. பாதியில சேலை நழுவுது, நாம திட்டறோம், அவ அழுவறா. அதோட போச்சு. முடிச்ச சந்தோசம் ஒரு தடவையாச்சும் வேணாமா ஒரு மனுசிக்கு?”

நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இது இல்லை. இருந்தும் அன்றைக்கு நான் எழுந்து என் அறைக்குப் போய்விட்டேன். பாராட்ட வேண்டிய இடத்தில் எழுந்துபோவது என் பழக்கம். உன்னிடம் ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாம்.

இரண்டரை வருஷத்தில் கெம்பி குளித்தாள், தலை வாரினாள், சேலை கட்டினாள். மாதத்தில் அந்த மூன்று நாள் துணி வைக்கவும் அலசி உலர்த்தவும் பழகினாள். கிணற்றில் தண்ணீர் சேந்தினாள். களி கிண்டினாள். விடுதியில் நாற்பது பேருக்கான களியை அங்கம்மா கிண்டுவாள். அறுவருக்கான சின்னச் சட்டி கெம்பியுடையது. வருகிறவர்களிடமெல்லாம் நீ அந்தச் சட்டியைத்தான் காட்டினாய். “பாருங்க, எங்க கெம்பி கிண்டுன முத்தே” என்று அவள் பாஷையிலேயே களிக்குப் பெயர் சொல்வாய்.

பிறகு உனக்குக் காய்ச்சல் வந்தது. எட்டு நாள். அதைப் பற்றி எழுத எனக்கு இன்னும் வரவில்லை.

நீ போய்ப் பத்து நாள் இருக்கும். அங்கம்மா என் வகுப்பு வாசலில் வந்து நின்றாள். “அம்மா, செத்த வந்து பாருங்க. சட்டியே போச்சு.” போய்ப் பார்த்தேன். கெம்பி அடுப்பின் முன் நின்று கிண்டிக்கொண்டிருந்தாள். களி அடிபிடித்து, கறுத்து, கல்லாகிவிட்டிருந்தது. துடுப்பு அசையவில்லை. அவள் தோள் மட்டும் அசைந்தது. முகமெல்லாம் வேர்வை. கையில் இரண்டு கொப்புளம்.

அன்று சாயங்காலம் குளிக்கப் போனவள் வெகு நேரம் வரவில்லை. தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தாள். அண்டா தீர்ந்ததும் கிணற்றுக்குப் போய்ச் சேந்திவந்து மறுபடி ஊற்றினாள். உதடு நீலமாகி நடுங்கினாள், ஊற்றுவதை நிறுத்தவில்லை.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது, பாப்பா. நீ அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே, வெற்றிலைக்குக் காம்பு கிள்ளிக்கொண்டே, எங்கிருந்தோ ஒரு ‘சாக்கு’ சொல்லிக்கொண்டிருந்தாய். குளியலுக்கு ஒன்று, களிக்கு ஒன்று, தலை வாருவதற்கு ஒன்று. நீ சொல்வது உனக்கே தெரிந்திருக்காது. எங்கள் யார் காதிலும் அது விழுந்ததில்லை. ஒவ்வொரு வேலையையும் அவள் செய்தாள். அதன் முடிவு மட்டும் உன் வாயில் இருந்தது. நீ அதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாய்.

அப்படியென்றால் அவளுக்குக் களி கிண்டத் தெரியுமா, தெரியாதா?

உன் மேல் எனக்குக் கோபம்கூட வந்தது. இரண்டரை வருஷமாகச் சொல்லிக்கொடுத்தாயே, ஒரு நாளாவது வாயை மூடிக்கொண்டு நின்று பார்த்தாயா என்று கேட்கத் தோன்றியது. அப்புறம் யோசித்தால், பிள்ளை கை சுட்டுக்கொள்ளும்போது யார் வாயை மூடிக்கொண்டு நிற்பார்கள்? என்னைப் போன்றவள்தான் நிற்பாள்.

நின்றேன். வகுப்பு முடிந்ததும் தினமும் சமையலறைக்குப் போனேன். வாழ்க்கையில் ஒரு தடவைகூடக் களி கிண்டாத எனக்கு அங்கம்மா குரு. கையை நனைத்துக்கொண்டு களியைத் தொட்டால் விரலில் ஒட்டக் கூடாது, ஒட்டாவிட்டால் வெந்துவிட்டது என்று சொன்னாள். நான் கையை நனைக்க மறந்து தொட்டேன். “அய்யோ, எங்க பி.ஏ. அம்மாவுக்கு நாக்குல இருக்கற சூடு வெரல்ல இல்லியே!” என்று சிரித்துக்கொண்டே அவள் என் விரலைத் தண்ணீரில் அமுக்கினாள். கெம்பியும் சிரித்தாள். நீ போனபிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

குளியலுக்கு வழி சுலபமாக அகப்பட்டது. அண்டாவை அளந்து நிரப்பி வைத்தோம். கிணற்றுக் கயிற்றை எடுத்து ஒளித்துவைத்தோம். தண்ணீர் தீர்ந்தால் குளியல் தீர்ந்தது. பெண்ணை மாற்ற முடியாத இடத்தில் அண்டாவை மாற்றலாம் என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. களிக்கு, ஈரக்கை. அதைப் பிடித்துக்கொள்ள அவளுக்கு ஐந்து மாதம் ஆயிற்று. பத்து நாளில் ஏழு நாள் சரியாக இறக்குவாள்.

ஆனால் எல்லா வேலைக்கும் அண்டா கிடையாது. வெளியே போனால் நாலு பேர் நாலு வேலை சொல்வார்கள். ‘சாக்கு’ என்று சொல்ல ஆள் இருக்காது. ஆகவே தமிழ் ‘போதும்’ என்ற ஒரு சொல்லை மட்டும் அவளுக்குக் கற்றுக்கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். யார் சொன்னாலும், எந்த வேலையானாலும், ‘போதும்’ என்றால் கையை எடுத்துவிட வேண்டும்.

விடுதிப் பெண்கள் எல்லோரையும் இதில் சேர்த்தேன். மணலை முறத்தில் அள்ளிப் போடச் சொல்லி, போதும். ஊஞ்சலை ஆட்டிவிடச் சொல்லி, போதும். முற்றம் பெருக்கும்போது, பூத்தொடுக்க நூல் பிரிக்கும்போது, போதும், போதும். முதலில் ‘சாக்கு’ம் ‘போதும்’மும் சேர்த்துச் சொன்னோம், பிறகு ‘சாக்கு’வை மெல்லச் சொன்னோம், பிறகு விட்டுவிட்டோம். அந்த மாதங்களில் பள்ளிக்கூடமே போதும் போதும் என்று கத்திக்கொண்டிருந்தது. ஒரு நாள் நான் ஐந்தாம் வகுப்பில் பின்னக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போது பின் வரிசையிலிருந்து ஒரு குரல் மெதுவாக “போதுமுங்க டீச்சர்” என்றது. வகுப்பே குலுங்கியது. நான் கோபப்பட்டதாகக் காட்டிக்கொண்டேன்.

கெம்பி கற்றுக்கொண்டாள். அங்கம்மா சொன்னாலும், தெருவில் போகிற கீரைக்காரி சொன்னாலும் கையை எடுத்தாள். பிறகு தானாகவே வாய்விட்டுச் சொல்லவும் ஆரம்பித்தாள். யாராவது “போதும்” என்றால் கையை எடுத்து, தலையை ஆட்டி, “போதும்” என்று அவளும் ஒரு தடவை சொல்லி முடித்துவைப்பாள். அவள் வாயிலிருந்து வந்த முதல் தமிழ்ச் சொல் அது. நான் எந்தப் பரீட்சையிலும் தேறியபோது இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. அன்று என் அறையில் உன் பெட்டி இருக்கும் மூலையைப் பார்த்துப் பேச வாயெடுத்து, யாராவது பார்த்துவிடப்போகிறார்கள் என்று நிறுத்திக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் இரண்டு காரியம் ஒன்றாக வந்தன. சோதனைக்கு வந்த இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள் ரிஜிஸ்தரைப் பார்த்துவிட்டு, பதினாறு வயதுப் பெண் ஒன்றாம் வகுப்பில் இருக்க முடியாது, இந்த வருஷ முடிவில் பெயரை எடுத்துவிடுங்கள் என்று எழுதிவிட்டுப் போனார். அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. கெம்பியை எந்த வகுப்பில் வைப்பது என்று கேட்டால் எனக்கும் பதில் கிடையாது.

இன்னொன்று, பதினைந்து நாளைக்கு முன் சிக்கண்ணா வந்தது. ஆள் பாதியாகிவிட்டார். இருமிக்கொண்டே பேசினார்.

“பொம்மிடிப் பக்கம் ஒரு எடம் வந்திருக்குதுங்கம்மா. பையனுக்கு மொதத் தாரம் தவறிப்போச்சு. சின்னப் புள்ளைங்க ரெண்டு. நல்ல குடும்பமுங்க, தமிழ் பேசறவங்க. அவுங்க ஆத்தா வந்து பொண்ணப் பாக்கணுங்கறாங்க. நீங்க ஒரே ஒரு வார்த்த, வேலையெல்லாந் தெரியும்னு சொல்லிட்டீங்கன்னா முடிஞ்சிரும்.”

“அவளைப் பற்றி அவர்களுக்கு என்ன சொல்லியிருக்கிறீர்கள்?” என்று கேட்டேன்.

“கொஞ்சம் பேச்சு கம்மின்னு சொல்லியிருக்கறேனுங்க.”

“அது போதுமா சிக்கண்ணா?”

அவர் தரையைப் பார்த்தார். “நா கண்ண மூடிட்டா இவள யாருங்க பாப்பாங்க? நீங்க சொல்லுங்க. யாரு?”

நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். என் வாயிலிருந்து அது வந்ததை நானே எதிர்பார்க்கவில்லை. என்னோடு வீட்டில் இருக்கட்டும், சோறு தண்ணீருக்குக் குறைவில்லை என்றேன். சிக்கண்ணா கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு சொன்னார்: “நீங்க மகராசிங்க. ஆனா ஊர்ல என்ன சொல்லுவாங்க? பெத்த பொண்ண அடுத்தவங்க வூட்ல வேலைக்கு வுட்டுட்டான்னு பேசுவாங்க. அதுவும் போவட்டும். உங்களுக்கு என்னங்கம்மா வயசாச்சு?”

நாற்பத்தெட்டு. எனக்குப் பிறகு? கல்யாணமாகாத எனக்கு நீதான் இருந்தாய், நீயும் இல்லை. அவர் தன்னைப் பற்றிக் கேட்ட அதே கேள்வியை என் பக்கமும் திருப்பி வைத்துவிட்டுப் போனார். அதோடு, கோடை விடுமுறைக்குப் பிறகு என்னை வேறு ஊருக்கு மாற்றப்போவதாகவும் பேச்சு இருக்கிறது. தண்ணீர்க் கயிறு எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரியாத ஒரு புது ஊர்.

தெரியும் என்று சொன்னால் அவளுக்கு ஒரு வீடு கிடைக்கும். அங்கே ஒரு நாள் அடுப்பில் ஏதாவது தீயும், கையில் ஏதாவது சுடும், அடி விழும். அடிப்பவர்களுக்கு அவள் ஏன் நிறுத்தவில்லை என்று விளங்காது. தெரியாது என்று சொன்னால் சிக்கண்ணாவின் இருமல் நின்ற மறுநாள் அவள் தெருவில் நிற்பாள். இரண்டு பதிலில் எது குறைந்த பாவம்? நீ இருந்தால் “போக்கா, நீயும் உன் கேள்வியும்” என்று சொல்லிவிட்டு ஏதாவது ஒன்றைச் செய்திருப்பாய். எனக்குச் செய்யத் தெரியவில்லை. யோசிக்க மட்டும் தெரிகிறது.

ஒன்று மட்டும் உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். நாளைக்குப் பையனின் அம்மா என்னைக் கேட்டால் ‘தெரியும்’ என்ற ஒற்றைச் சொல்லில் தப்பித்துக்கொள்ள மாட்டேன். எதைத் தானாகச் செய்வாள், எதைப் பக்கத்தில் ஆள் இருந்தால் செய்வாள், எதைச் செய்யவே மாட்டாள் என்று மூன்றையும் தனித்தனியாகச் சொல்வேன். சிக்கண்ணா என்னை ஜென்மத்துக்கும் மன்னிக்காமல் போனாலும் சரி.

இந்த இடத்தில் கையெழுத்துப் போட்டு முடித்துவிடுவதாகத்தான் இருந்தேன். மறுநாள் நடந்ததைப் பார்த்த பிறகு கடிதத்தை மறுபடி எடுத்து எழுதுகிறேன்.

காலை பத்து மணிக்குச் சிக்கண்ணா அந்த அம்மாளை அழைத்துக்கொண்டு வந்தார். கனமான உடம்பு, நல்ல வாய். யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் கரியை எரித்து ஓட்டுகிற பஸ்ஸில் வந்திருந்தார். உட்காரும்போதே, “கரி பஸ்ஸாம் கரி பஸ்ஸு! அது எங்களத் தூக்கிட்டு வந்தது பாதி, நாங்க அதத் தள்ளிட்டு வந்தது பாதி. சண்ட முடிஞ்சு எண்ண வந்தாத்தான் இனி பஸ் ஏறுவேன்” என்றார். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. அது எனக்குச் சங்கடமாகவும் இருந்தது.

கெம்பியைக் கூப்பிட்டு நிறுத்தினோம். “பொண்ணு கட்டுமஸ்தா இருக்குது. மொகத்துல கள்ளமில்ல” என்றார். அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அங்கிருந்த கொப்புளத் தழும்பைத் தடவி, “வேல செஞ்ச கை” என்றார். நான் சொல்ல வேண்டியதை மனசுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டு அவர் கேட்பதற்காகக் காத்திருந்தேன்.

அவர் கேட்கவில்லை. “பொண்ணு கையால ஒரு வாய் சாப்புட்டுப் பாத்துட்டாத் தெரிஞ்சிரப் போவுது” என்று சிரித்தார்.

கெம்பி களி கிண்டினாள். நான் சமையலறை நிலையில் நின்று வாயைத் திறக்கவில்லை. அங்கம்மாவையும் திறக்க விடவில்லை. கெம்பி கையை நனைத்தாள். தொட்டாள். ஒட்டியது. கிண்டினாள். மறுபடி நனைத்துத் தொட்டாள். சட்டியை இறக்கினாள். அங்கம்மா என் கையை இறுக்கிப் பிடித்தாள். அவள் இறக்கிய களியிலே அவ்வளவு பதமான ஒன்றை நான் பார்த்ததில்லை.

கெம்பியே பரிமாறட்டும் என்றார் சிக்கண்ணா. அந்த அம்மாள் தட்டின் முன் உட்கார்ந்தார். கெம்பி ஒரு உருண்டை வைத்தாள், கீரைக் கடைசல் ஊற்றினாள். இரண்டாவது உருண்டையைக் கையில் எடுத்தாள்.

அந்த அம்மாள் தட்டின் மேல் கையைக் குறுக்கே நீட்டி, “போதும்மா, போதும் போதும்” என்றார்.

எல்லோரும் சொல்வதுதான். நீயும் நானும் எத்தனை வீட்டில் சொல்லியிருப்போம்? கை தட்டை மறைக்கும். விரலுக்கு நடுவில் இடம் இருக்கும். போடுகிறவர்கள் “அட, என்ன சாப்புட்டுட்டீங்க, இந்த ஒண்ணு மட்டும்” என்று கையை விலக்கிப் போட்டுவிடுவார்கள். போடாவிட்டால் அது வீடே இல்லை. இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை.

கெம்பி கையை எடுத்தாள். உருண்டையைச் சட்டியிலேயே வைத்தாள். தலையை ஆட்டி, அந்த அம்மாளின் முகத்தை நேராகப் பார்த்து, கணீரென்று சொன்னாள்: “போதும்.”

சட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

“என்னாது?” என்றார் அந்த அம்மாள். “எனக்கே போதும்னுட்டுப் போவுது?”

“கெம்பி, இன்னும் கொண்டுவா” என்று கூப்பிட்டேன். அவள் உள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். நான் சோதித்துப் பார்க்கிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். சிரித்துக்கொண்டே, “போதும்” என்றாள். சட்டியின் மேல் தட்டைப் போட்டு மூடும் சத்தம் கேட்டது.

நான் முன்னால் வந்து சொல்ல ஆரம்பித்தேன். அவளுக்கு அந்தச் சொல்லை எப்படிக் கற்றுக்கொடுத்தோம், ஏன், என்றெல்லாம். என் குரல் எனக்கே வகுப்பெடுப்பது போலக் கேட்டது. அந்த அம்மாள் அந்த ஒற்றை உருண்டையை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு முடித்து, கை கழுவிவிட்டு, மரியாதையாகவே சொன்னார்:

“நீங்க படிச்சவங்க, நூறு காரணம் சொல்லுவீங்க. பொண்ணு மேல எனக்கு ஒரு கோவமும் இல்லீங்க. எம்மவன் வூட்ல தாயில்லாப் புள்ளைங்க ரெண்டு கெடக்குது. அதுங்க ‘எம்மா, இன்னுங்கொஞ்சம்’னு தட்ட நீட்டறப்போ, போதும்னு சொல்லிச் சட்டிய மூடிட்டா நா என்னங்க பண்றது?”

அந்தப் பிள்ளைகளைப் பற்றி, பதினைந்து நாள் யோசித்ததில், ஒரு நிமிஷம்கூட நான் யோசித்திருக்கவில்லை.

அந்த அம்மாளை மத்தியான பஸ்ஸில் ஏற்றிவிடச் சிக்கண்ணா கூடப் போனார். ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தார். அடுப்படியில் உட்கார்ந்து மகள் வைத்த களியைச் சாப்பிட்டார். இருமல் வந்து நடுவில் இரண்டு தடவை நிறுத்தினார். நீங்கள் கற்றுக்கொடுத்ததைத்தானே செய்தாள் என்று என்னிடம் கேட்பார் என்று பயந்துகொண்டிருந்தேன். கேட்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசல்வரை போனவர், நின்று, திரும்பினார்.

“அடுத்த எடம் வந்தா முன்கூட்டியே சொல்லி வுடறேனுங்கம்மா. அதுக்குள்ளாற அந்த வார்த்தைய மட்டும் செத்த மாத்திச் சொல்லிக் குடுத்துருங்க.”

சரி என்றேன்.

இப்படிக்கு,
உன் கூடப்பிறந்தவள்,
அக்கா